ஒரு ஸ்பேஸ் செய்த வேலை!

"மலருக்கு ஏதாவது எழுதுடா" என்று நண்பன் நச்சரித்தபோது, கவிதை வராத நான் என்ன எழுதுவது என்று விழித்தேன். கடைசியில், நான் பட்ட சூட்டையே எழுதலாம் என்று துணிந்துவிட்டேன். சிரிப்பவர்கள் சிரியுங்கள். ஆனால், முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்!

கறுப்புத் திரை எனக்குப் புதிதல்ல. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்த கணினி, பிறகு என் கைக்கு வந்தது. அதில் விண்டோஸுடன், நம் சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. அதில் கட்டளைகளைத் தட்டித் தட்டி, 'எல்லாம் நமக்குத் தெரியும்' என்ற நினைப்பும் வளர்ந்துவிட்டது.

தொழிற்பயிற்சிக்குப் போன இடம் தி.நகர். ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், மாடியில் ஒரு சின்ன அலுவலகம். சிறு கடைகளின் இணையதளங்களைக் கவனிப்பது வேலை. நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போது, மயிலாப்பூரில் கொலு பொம்மை விற்கும் ஓர் அம்மாவின் தளம் நின்றுபோனது. சீனியர் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். நானே சர்வருக்குள் நுழைந்தேன்.

டி.எஃப். அடித்தேன். டிஸ்க் நூற்றுக்கு நூறு நிரம்பியிருந்தது. டி.யூ. போட்டுத் தேடினால், அப்பாச்சியின் லாக் கோப்பு மலையாக வளர்ந்து நின்றது. ஆர்.எம். போட்டு அழித்தேன். மறுபடி டி.எஃப்... அதே நூறு!

ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால், லினக்ஸில் அதன் பெயர்தான் போகும். அந்தப் புரோகிராம் அதை மூடும்வரை இடம் திரும்பாது. யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று எல்.எஸ்.ஓ.எஃப். காட்டும். லாக்கை அழிக்காமல் ட்ரங்கேட் கட்டளையால் காலி செய்திருந்தால் வம்பே இல்லை. அன்று எனக்கு இது தெரியாது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு! வேறு எதையாவது அழிப்போம் என்று பொம்மைப் படங்கள் இருந்த ஃபோல்டருக்குள் போனேன். 'டெம்ப்' என்று தொடங்கும் தற்காலிகக் கோப்புகளை நீக்க, ஆர்.எம். மைனஸ் ஆர்.எஃப். அடித்தேன். டெம்ப்புக்கும் நட்சத்திரக் குறிக்கும் நடுவே ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. அவ்வளவுதான்! 'டெம்ப்பை அழி, இங்கே இருப்பது அத்தனையும் அழி' என்று ஷெல் எடுத்துக்கொண்டது. தசாவதாரம், மரப்பாச்சி, செட்டியார் பொம்மை... எல்லாப் படமும் போச்சு. ஆர்.எம்.முக்குக் குப்பைத்தொட்டியும் கிடையாது.

அண்ணன் வந்ததும் கை நடுங்கச் சொன்னேன். "முதல்ல கீபோர்டுலேர்ந்து கையை எடுடா" என்றார். அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்தார், இடம் திரும்பியது. "ஞாயித்துக்கிழமை தோறும் ஆர்.சிங்க் வெச்சு வேற மெஷினுக்குக் காப்பி எடுக்கறேன். அதுவரைக்கும் படம் இருக்கும். அதுக்கப்புறம் ஏத்தினது போச்சு. அந்த அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு."

மாட வீதிக்குப் போய் நின்றேன். முழுவதும் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்: "பொம்மை உடையலையே தம்பி? வா, திரும்ப எடுப்போம்." இருட்டும்வரை பொம்மைகளைப் பிரித்து வைத்துப் படம் எடுத்தோம். ஆனால், தளம் நின்ற நேரத்து வியாபாரம் போனது போனதுதான். அது இன்னும் உறுத்துகிறது.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, கிட்லேப் நிறுவனத்தில் ஓர் எஞ்சினியர் இரவு நேரத்தில் தவறான சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜி.பி. தரவில் மிஞ்சியது 4.5 ஜி.பி.தான். பேக்கப்பைத் தேடினால், அது ஒழுங்காக வேலையே செய்யவில்லை! தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

ஆகவே நண்பர்களே, அண்ணன் எனக்குக் கற்றுத் தந்தவை:

அழிக்கும் முன் ஹோஸ்ட்நேம், பி.டபிள்யூ.டி. இரண்டும் அடியுங்கள். எந்த மெஷினில், எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்று தெரியட்டும்.

ஆர்.எம். போட நினைக்கும் இடத்தில் முதலில் எல்.எஸ். போடுங்கள். எவை வருகின்றனவோ அவைதான் போகப் போகின்றன.

அப்பாச்சியின் அமைப்பை மாற்றினால், ரீஸ்டார்ட்டுக்கு முன் கான்ஃபிக்டெஸ்ட் ஓட்டுங்கள்.

நகல் வேறு மெஷினில் இருக்கட்டும். எடுத்தால் மட்டும் போதாது. ஒருமுறை திருப்பிப் போட்டும் பாருங்கள்.

அழிக்கும் முன் சரிபார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான், நான் ஒரு சாயங்காலம் முழுவதும் மாட வீதியில் தலைகுனிந்து நின்றேன்.

இறுதியாண்டு நண்பர்களே, ஒரே ஒரு கேள்வி. உங்கள் ப்ராஜெக்ட்டின் இன்னொரு காப்பி இப்போது எங்கே இருக்கிறது? பதில் உடனே வரவில்லையா? மலரை மூடிவிட்டு, முதலில் அதைக் கவனியுங்கள்!