நிக்கோவிற் கண்ட மகரந்தக் காலம்

டோக்கியோவுக்கு வடக்கே, புகைவண்டியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ளது நிக்கோ. தொக்குகாவா இயெயாசுவின் சமாதிக் கோயிலுக்குச் செல்லும் சாலைகளின் இருமருங்கும், 17ஆம் நூற்றாண்டில் மத்சுடைரா மசத்சுனா என்னும் பிரபு நடுவித்த சுகி மரங்கள் 35 கிலோமீற்றர் தூரம் அணிவகுத்து நிற்கின்றன. அவற்றின் கீழ் நடப்போர், கோயிற் பிராகாரத்தில் நடப்பவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வர்.

நாம் சென்றது பங்குனியில். காற்று வீசியதும் மரங்களிலிருந்து மஞ்சட் புகை எழுந்தது. எதிர்ப்பட்டோரிற் பலர் முகக்கவசத்துடன் காணப்பட்டனர். சுகி மகரந்தத்தால் வரும் ஒவ்வாமை நோயை, ஹொரிகுச்சி, சைட்டோ என்னும் மருத்துவர்கள் 1964இல் முதன்முதலாக அறிவித்தது இந்த நிக்கோவிலிருந்துதான். இன்று யப்பானியரிற் பத்துப் பேருக்கு நால்வர் வரை இதனால் வருந்துகின்றனர்.

ஆயினும் பழியை இம்முதுமரங்களின் மேற் போடுதல் தகாது. போரின் பின் மொட்டையாய்க் கிடந்த மலைகளில், வீடு கட்ட மரம் வேண்டுமென்று 1950களிலும் 1960களிலும் சுகியையே பெருவாரியாக நட்டனர். சுகி முப்பது ஆண்டளவு வளர்ந்த பின்னரே மகரந்தத்தை மிகுதியாகச் சொரியும். அதற்குள் பிறநாட்டு மரம் மலிவாக வந்துவிட்டது, வெட்டுவாரில்லை. நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தும்முகின்றனர்! இத்தோட்டங்களில் ஐந்திலொரு பங்கைப் பத்தாண்டுகளிற் குறைப்பதென 2023இல் அரசு திட்டமிட்டது.

தீங்கற்ற தூளைப் பகையென்று கொண்டு உடல் தொடுக்கும் வீண் போரே இந்நோய். தடிமன் போலத் தோன்றும். ஆனால் காய்ச்சல் இராது, கண் அரிக்கும், ஒரு வாரத்தில் தீராது, ஆண்டுதோறும் அதே பருவத்தில் திரும்பும். நம் வீட்டுப் பிள்ளை ஆண்டுதோறும் ஒரே மாதத்திற் தும்மினால், பெற்றோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

நமக்கு விருந்தளித்த ஆசிரியர், நம் மேலங்கியை வாசலிலேயே தட்டித் துடைத்த பின்னர்தான் உள்ளே அழைத்தார். அவருடைய பத்து வயது மகளுக்கு இந்நோய் உண்டு. வெளியிலிருந்து வந்ததும் முகங் கழுவுவர். துணிகளை வெளியிற் காயவிடார். வானிலைச் செய்தியோடு மகரந்த அறிவித்தலையுங் கேட்பர். தும்மல் மிகுந்த பின் மருந்து தேடுவதில்லை. வைத்தியர் சொற்படி பருவத் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுவர். நாவின் கீழ் வைக்கும் மகரந்தச் சத்து மாத்திரையும் உண்டு. பருவம் கழிந்த பின் தொடங்கி, மூன்று முதல் ஐந்தாண்டு வரை நாள்தோறும் கொள்ளவேண்டும். எல்லோருக்கும் நோய் அகலாது, பலருக்குத் தணியும்.

சுகி மரங்களை வெட்டிவிடலாமா என்று அச்சிறுமியைத் தந்தை வாயிலாகக் கேட்டோம்.

“மலையில் உள்ளவற்றை வெட்டலாம். சாலையில் நிற்பவை வேண்டாம்” என்றாள், கண்களைக் கசக்கியபடி.