கையைத் தூக்கச் சொல்லுங்கள்

"ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டி, சில்வர் சாயம் அடிப்பதில் என்ன பெரிய வித்தை? இப்போது எல்லாவற்றையும் பிரிண்டரே செய்துவிடுகிறது." கதைமாந்தர்போல் வேடமிடும் ஒரு காஸ்பிளே போட்டியில் நடுவராக வந்தவர் மைக்கில் சொன்ன பேச்சு இது. என் பட்டறைக் கவசங்களை மாட்டிக்கொண்டு மேடை ஓரத்தில் நின்ற பிள்ளைகள் முகம் வாடிப்போனார்கள். கண்ணும் முழங்கையும் ஒத்துழைக்காததால் கிள்ளானில் இருக்கும் பட்டறையை இந்த ஆண்டோடு மூடுகிறேன். அதற்கு முன் அவருக்குப் பதில் சொல்லவேண்டும்.

கவசத்துக்கு இரண்டே கேள்விகள். எதைத் தடுக்கப்போகிறது? போட்டவன் எப்படி அசைவான்? கதை குருக்ஷேத்திரத்தில் நடந்தாலும் வேற்றுக் கிரகத்தில் நடந்தாலும் இவை மாறுவதில்லை. 1981இல் வந்த 'எக்ஸ்காலிபர்' படத்து மாவீரர்களுக்குக் கவசம் அடித்தவர் டெர்ரி இங்லிஷ். 1986இல் 'ஏலியன்ஸ்' படத்தின் விண்வெளிப் படைவீரர்களுக்கு அடித்தவரும் அவரே. இரண்டும் அலுமினியம். பழைய கவசத்தை அறிந்த கைதான் எதிர்காலத்துக் கவசத்தையும் நம்பும்படி செய்தது. மந்திரம், லேசர் என்று கதை எதைச் சொன்னாலும் உள்ளே இருப்பது எலும்பும் தசையும் உள்ள ஒரு ஆள்.

மார்புத் தகட்டின் நடுவே முகடு எழுப்பினால் ஆயுதத்தின் முனை பக்கவாட்டில் வழுக்கிப் போகும். பெண் வீரர் என்றதும் இரண்டு கிண்ணம் வைத்து வரைகிறார்களே, அதில் விழுகிற அடி நேராக நெஞ்செலும்புக்கு வந்து சேரும். இதைச் சொன்னால் "பார்க்க அழகாக இருக்கிறதே" என்கிறார்கள். அடியைத் தனக்குள்ளேயே இழுத்துக்கொள்கிற கவசத்தில் எனக்கு அழகு தெரியவில்லை.

ஆனால் மார்பு சுலபம். தோள்தான் ஆளைச் சோதிக்கும்.

கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். கை மட்டும் எழுவதில்லை. காறை எலும்பு எழுகிறது, முதுகில் தோள்பட்டை எலும்பு சுழல்கிறது. தோள் தகட்டை மார்போடு இறுக்கி ஒட்டியிருந்தால் அது அப்படியே மேலேறித் தாடையில் இடிக்கும், அல்லது மார்புத் தகட்டையும் சேர்த்துத் தூக்கும். ஐரோப்பியக் கம்மியர்கள் தோளைச் சிறு சிறு பட்டைகளாகப் பிரித்து, உள்ளே தோல்வார் கொடுத்து, தறையாணிக்கு நீள்துளை விட்டு, ஒன்றின்மேல் ஒன்று நகரும்படி செய்தார்கள். முழுத் தோளையும் கழுத்துப் பட்டையிலிருந்து தொங்கவிட்டார்கள். குதிரைமேல் ஈட்டியை வலக்கக்கத்தில் இடுக்கவேண்டியவனுக்கு வலத் தோள் தகட்டைச் சிறிதாக வெட்டினார்கள். இரண்டு தோளும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று அடம்பிடிக்கும் இன்றைய பிள்ளைகள் அந்த வெட்டைக் கொஞ்ச நேரம் பார்க்கவேண்டும்.

என்னை இந்தத் தோளில் கட்டிப்போட்டவர் கோயில் மூர்த்திகளுக்கு வெள்ளிக் கவசம் அடித்த ஒரு ஆசாரி. தகட்டுக்கு எங்கே முகடு கொடுத்தால் விறைப்பு வரும், ஓரத்தை எப்படி மடித்தால் வெட்டாது என்பதெல்லாம் அவர் பட்டறையில் பார்த்துப் படித்தவை. வாய்விட்டுப் பாராட்டமாட்டார். என் முதல் தோள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, சாமி கையைத் தூக்காது. உன் ஆள் தூக்குவான்" என்றார். அதற்குப் பிறகு கண்ணாடி முன்னால் ஆளை நிறுத்தி, கையைத் தூக்கவைத்து அளவெடுக்காமல் ஒரு தோளையும் நான் வெட்டியதில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் நாட்டிய நாடகம் என்றால் 1981இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலைப்பள்ளி பழக்கிவைத்த கண்கள் அரங்கில் உட்கார்ந்திருக்கும். அங்கே ஒரு சின்னக் குழு கர்ணனுக்குக் கவசம் கேட்டது. உடம்போடு பிறந்த கவசம். வாரோ கொக்கியோ முடிச்சோ எதுவும் தெரியக்கூடாது. ஆடுகிறவர் வில்லை முழுதாக வளைக்கவேண்டும். பிறகு இந்திரன் வந்து கேட்கும்போது சபையோர் கண்ணெதிரே அதை அறுத்துக் கொடுக்கவேண்டும். கதைகளில் வரும் கவசங்களிலேயே இதைவிடக் கடினமான ஒன்றை நான் சந்திக்கவில்லை.

தோளுக்கு இரண்டு மில்லிமீட்டர் இவிஏ ஸ்பாஞ்ச் ஷீட்டைத் தசையின் போக்கிலேயே பட்டைகளாக வெட்டினேன். ஒவ்வொன்றும் அடுத்ததை மூன்றில் ஒரு பங்கு மூடும். உள்ளே எலாஸ்டிக் நாடா. எல்லாமே தோல் நிற வலைச் சட்டையில் தைத்தவை. இந்த ஊர் வியர்வைக்கு எந்தப் பசையும் நிற்காது. வலக்கையால் நாண் இழுப்பவர் என்பதால் பிரியும் தையலை இடக் கக்கத்தின் கீழ் விலா எலும்பின் கோட்டில் மறைத்து, சிறு காந்தங்கள் வைத்தேன். அவர் கத்தியை அந்தக் கோட்டில் ஓட்டியதும் கவசம் தோலுரிவது போல் திறந்தது. அரங்கில் யாரோ "ஐயோ" என்றார்கள். கைதட்டலைவிட அந்த ஒரு சொல்தான் எனக்குக் கூலி.

இப்போது பட்டறைக்கு வருகிறவர்கள் ஃபோனில் ஒரு படத்தை நீட்டுகிறார்கள். கணினி தானாக வரைந்த படம். தலையைவிடப் பெரிய தோள் தகடு, அதில் போட்டவன் கழுத்தையே குறிபார்க்கும் முட்கள். எங்கிருந்தோ வந்து எங்கேயும் போய்ச் சேராத வார்கள். சோழ வீரன் என்று சொல்லி ஐரோப்பிய இரும்பை முழுதாக மாட்டுகிறார்கள். நம் வெயிலுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த கவசம் இருந்தது. திப்பு காலத்து மைசூர்ப் படையிலும் அது உண்டு. அதை யாரும் தேடுவதில்லை.

பிரிண்டர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பை, உடம்பை அளக்காமல் அப்படியே அச்சடிக்கிறார்களே, அதில்தான் கோபம். பிரிண்டரில் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் அறுபது டிகிரிக்கு இளகும். நண்பகலில் வண்டிக்குள் வைத்துவிட்டுப் போனால் தலைக்கவசம் கோணிக்கொள்ளும். கோணாவிட்டாலும் அதற்குள் அணிகிறவன் மூச்சுவிட வழி இருக்காது. பழைய கம்மியர்கள் பல தலைக்கவசங்களில் மூச்சுத்துளையை வலப்பக்கம் மட்டும் போட்டார்கள், ஈட்டி இடப்பக்கம் வரும் என்பதால். துளை எங்கே வேண்டும் என்பதற்குக்கூட ஒரு காரணம் இருந்தது.

2002இல் தொடங்கிய காமிக் ஃபியெஸ்டா என்ற காமிக்ஸ், காஸ்பிளே விழாவுக்கு ஆர்வமாகக் கிளம்பும் பிள்ளைகளை நான் குறைசொல்லமாட்டேன். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சொல்லவேண்டிய இடத்தில் இருப்பவர்கள் மினுமினுப்புக்கு மதிப்பெண் போடுகிறார்கள். நடுவர்களே, கவசம் போட்டவரைக் கையைத் தூக்கச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். தரையில் கிடக்கும் காசை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு சாயத்தைப் பாருங்கள். இந்த மூன்றும் முடியாத கவசத்துக்குப் பரிசு கிடையாது என்று ஒரு முறை அறிவித்துவிட்டால், அடுத்த ஆண்டு பிள்ளைகள் தாங்களாகவே அளவு நாடாவைக் கையில் எடுப்பார்கள்.