ஆதிரங்கனைச் சேரும் கல் பாலம்

காவிரி இரு கிளையாய்ப் பிரிந்து தழுவும் தீவுகளில் அரங்கன் பள்ளிகொண்ட தலங்கள் மூன்று. ஆதிரங்கம் ஸ்ரீரங்கப்பட்டணம், மத்தியரங்கம் சிவனசமுத்திரம், மூன்றாவது நம் திருவரங்கம்.

திருவரங்கத்தில் பிறந்து வளர்ந்த என் தமக்கையாருக்கு வயது 78. மூன்று தலங்களையும் கணவரோடு சேர்ந்து சேவிக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். மத்தியரங்கத்தைச் சேவித்த மறு ஆண்டே அத்திம்பேர் பரமபதம் அடைந்தார். எஞ்சிய ஒரு தலத்துக்கு அவரை அழைத்துச் செல்லும் பேறு சென்ற மாசியில் எனக்கு வாய்த்தது.

பெங்களூரிலிருந்து வருவோர் காவிரியின் வடகிளையைக் கடந்தே கோட்டையை அடைய வேண்டும். அங்கே பழைய கல் பாலத்தைக் கண்டதும் அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னார். "அவர் இருந்தால் நடந்துதான் வருவார். நானும் நடக்கிறேன்" என்றார். முழங்கால் வலியை நினைவூட்டினேன், செவிசாய்க்கவில்லை.

1799 மே 4 அன்று ஆங்கிலேயர் படை இக்கோட்டையைத் தகர்த்து உட்புகுந்தது. திப்பு சுல்தான் போரிட்டு மாண்டார். அவரிடம் பணியாற்றிய பூர்ணையா, பின்னர் சிறுவராய் அரியணை ஏறிய மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் திவானானார். போர் ஓய்ந்து ஐந்தே ஆண்டுகளில், 1804இல், அவர் எழுப்பியது இப்பாலம். அன்றைய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் பெயரை அதற்குச் சூட்டினார்.

பெயர் வென்றவருடையது, கட்டிய முறையோ நம் கோயில்களுடையது. வளைவுகள் இல்லை. வரிசை வரிசையாகக் கற்றூண்கள், அவற்றின்மேல் போதிகைகள், அவற்றைத் தழுவிக் கல் உத்திரங்கள். "தம்பி, நம்மூர் ஆயிரங்கால் மண்டபத்தைக் காவிரிக்குள் இறக்கிவிட்டாற்போல் இருக்கிறதே!" என்றார் அக்கா. எத்தனையோ வெள்ளங்களைத் தாங்கிய தூண்கள் அவை. மூன்று இடங்களில் கைப்பிடிச் சுவரைப் பற்றி நின்றார். ஆனால் என் கையைப் பற்றவில்லை.

கோட்டைக்குள் ரங்கநாதர் சன்னிதி அமைதியாய் இருந்தது. திப்பு சுல்தானும் இப்பெருமாளுக்கு வெள்ளிப் பாத்திரங்கள் சமர்ப்பித்திருக்கிறார். ஆதிசேடன்மீது கண்வளரும் பெருமாளின் திருவடியருகே காவிரித் தாயார் வீற்றிருக்கிறாள்.

அக்கா நெடுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்மூருக்கு வருமுன் இவள் இங்கே திருவடி தொழுதுவிட்டுத்தான் வருகிறாள். நான்தான் தாமதமாக வந்தேன்" என்றார். பிறகு, கணவர் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் துளசி அர்ச்சனை செய்யச் சொன்னார்.

ஆதிரங்கம் செல்லும் அன்பர்கள் வெயில் ஏறுமுன் சென்று, உடல் இடங்கொடுத்தால் அப்பாலத்தில் சில அடிகளேனும் நடந்து பாருங்கள்.