ஊர் விட்டு ஊர் போன வீடு

வீடு மாற்றிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகிறவர்களை நாம் அறிவோம். வீடே ஊர் விட்டு ஊர் போனதை நேயர்கள் கேட்டதுண்டா? இங்கிலாந்தில் ஸஸெக்ஸ் ஜில்லாவின் சிங்கிள்டன் கிராமத்துக்குப் போயிருந்தபோது அப்படிப்பட்ட வீடொன்றைக் கண்டேன். 'பேலீஃப்' என்பது அதன் பெயர்.

கெண்ட் ஜில்லாவில் சிட்டிங்ஸ்டோன் அருகே, 15-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வசதியுள்ள குடியானவருக்காக எழுந்த பண்ணை வீடு இது. இரு கோடிகளிலும் மாடி. அந்த மாடிகள் கீழ்ச்சுவரைத் தாண்டி முன்னால் துருத்தி நிற்கின்றன. நடுவே கூடம் சற்று உள்வாங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே ஓட்டுக் கூரை மூடுகிறது.

கூடத்துக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தேன். மேலே தளமே இல்லை; பார்வை நேரே கூரை முகட்டுக்குப் போகிறது. தரை நடுவில் திறந்த அடுப்பு. புகைபோக்கி கிடையாது, புகை தானாக மேலேறிக் கூரை வழியே கசிந்து போகவேண்டியதுதான். ஜன்னல்களில் கண்ணாடியும் இல்லை. நெடுக்கு மரக் கம்பிகளும், அடைப்பதற்குப் பலகைக் கதவுகளுமே. ஒரு கோடியில் எஜமானின் சாப்பாட்டு மேஜை; எதிர்க்கோடியில் வாசற்கதவுகளும், ரொட்டியும் பானமும் வைக்கும் அறைகளும். குளிர்காற்று யார் பங்கு என்று சொல்லவேண்டுமா?

சுவர்களின் பாரத்தைத் தாங்குவது ஓக் மரச் சட்டம். இடைவெளிகளில் குச்சிகளைப் பின்னிக் களிமண்ணும் வைக்கோலும் சாணமும் கலந்து பூசுவது வழக்கம். துரைமார் தேசத்துச் சுவரிலும் சாணந்தான்! மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே இழைத்தார்கள். ஒன்றின் முனையை நாக்குப்போல் செதுக்கி, மற்றதன் துளையில் செருகி, குறுக்கே மர முளை அறைந்தார்கள். எந்தக் கட்டை எதோடு சேருவது என்பதற்குத் தச்சர்கள் உளியால் அடையாளம் கீறிவைப்பார்கள்.

அந்த வேலைப்பாடுதான் வீட்டைக் காப்பாற்றியது. 1960-களில் போ பீச் என்னுமிடத்தில் குடிநீருக்காக நீர்த்தேக்கம் அமைத்தபோது, பேலீஃபுக்கு ஆபத்து வந்தது. செங்கல் வீடாயிருந்தால் இடித்துத் தள்ளியிருப்பார்கள். இதையோ முளைகளைப் பிடுங்கி, கட்டை கட்டையாகக் கழற்றி, சிங்கிள்டனிலுள்ள திறந்தவெளிப் பொருட்காட்சிச் சாலைக்குக் கொண்டுவந்து, 1970-களின் தொடக்கத்தில் மறுபடி பூட்டினார்கள். காணாமற்போன பாகங்களுக்குப் புது மரம் வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தார் கட்டிய புகைபோக்கியை மட்டும் திரும்ப வைக்கவில்லை. அதுவும் அவ்வீட்டின் சரித்திரந்தானே என்று எனக்குச் சிறிது குறைதான்.

நான் போன அன்று அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கால் மணி நேரத்தில் கண் கரித்தது. ரயிலேறிய பிறகும் என் கம்பளிச் சட்டையில் அந்தப் புகை மணம் போகவில்லை.