குற்றப் பதிவு ஏன் கவுண்டியில் கிடக்கிறது?

அமெரிக்காவில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் பெரும்பாலும் தாண்டியாக வேண்டிய சடங்கு ஒன்று உண்டு: பின்னணிச் சரிபார்ப்பு. ‘பேக்ரவுண்ட் செக்’ என்றால்தான் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். அது முடிந்து வரும் அறிக்கையில் ‘கவுண்டி கிரிமினல் சர்ச்’ என்றொரு வரி இருக்கும். கவுண்டி என்பது மாநிலத்துக்குள் அடங்கிய நிர்வாகப் பிரிவு. கடந்த சில ஆண்டுகளில் அவர் எந்தெந்தக் கவுண்டிகளில் குடியிருந்தாரோ, அந்தந்த நீதிமன்றங்களில் அவர் பெயரில் குற்ற வழக்கு உண்டா என்று பார்த்திருக்கிறார்கள் என்பது அதன் பொருள்.

என்னை இழுத்தது அந்த ஒற்றை வரிதான். ஒருவருடைய கடன் வரலாற்றை நொடியில் திரைக்குக் கொண்டுவரும் நாடு அது. அங்கே ஒருவர்மேல் திருட்டு வழக்கு இருக்கிறதா என்று அறிய, கவுண்டி நீதிமன்றத்தின் ஏடுகளை ஏன் புரட்ட வேண்டும்? இப்படிப்பட்ட கவுண்டிகள் நாடு முழுக்க 3,100-க்கும் மேல். லூசியானாவில் அவற்றைப் பாரிஷ் என்கிறார்கள், அலாஸ்காவில் பரோ.

எஃப்பிஐ என்ன செய்கிறது என்று கேட்கத் தோன்றும். அதனிடம் கைரேகையோடு சேர்ந்த பெரிய தொகுப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கைதான தகவல் அதில் ஏறிவிடும். வழக்கு பிறகு என்ன ஆனது என்பது பல பதிவுகளில் ஏறாது. அதைவிட முக்கியமானது, பிறருடைய பதிவைப் பொதுமக்கள் கேட்டு வாங்க முடியாது. ஒரு செய்தியாளர் கேட்டார், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று, 1989-ல் நீதிபதிகள் ஒருமனதாக மறுத்துவிட்டார்கள். ஊரூராகச் சிதறிக் கிடக்கும் ஏடுகளும், அவற்றை ஒரே கோப்பில் திரட்டிய பட்டியலும் ஒன்றல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம். அதாவது, சிதறிக் கிடப்பதே ஒருவகைப் பாதுகாப்பு. தேட நினைப்பவன் மெனக்கெட்டு ஊரூராகப் போகட்டும்!

சரி, எப்படிப் போவது? டெக்சஸ் மாநிலத்தில் டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ என்றொரு நகரம். இந்தியர்கள் கணிசமாகக் குடியேறியிருக்கும் ஊர். ஃபிரிஸ்கோவில் ஒருவர் கைதானார் என்று மட்டும் தெரிந்தால் போதாது. நகரத்தின் ஒரு பகுதி காலின் கவுண்டியில் இருக்கிறது, மறுபகுதி டென்டன் கவுண்டியில். சம்பவம் நடந்த இடத்தைப் பொறுத்து வழக்கு காலின் கவுண்டியின் தலைநகரான மெக்கின்னிக்கும் போகலாம், டென்டன் கவுண்டியின் தலைநகரான டென்டனுக்கும் போகலாம். குடியிருக்கும் முகவரியை வைத்துத் தேடினால் தவறவிடுவது இப்படித்தான்.

கவுண்டியைப் பிடித்தாலும் வேலை முடியாது. டெக்சஸில் பெரிய குற்றங்கள், அதாவது ஃபெலனி வழக்குகள், மாவட்ட நீதிமன்றத்தின் கிளார்க்கிடம் இருக்கும். சிறைவாசம் உண்டு என்றாலும் அதைவிடச் சின்னதான மிஸ்டிமீனர் வழக்குகளைப் பெரும்பாலும் கவுண்டி கிளார்க் வைத்திருப்பார். அபராதத்தோடு போகிற சில்லறைக் குற்றங்கள் நகர நீதிமன்றத்திலோ, சமாதான நீதிபதியிடமோ தங்கிவிடும். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் இந்தப் பிரிவினையும் மாறும்: அங்கே முதல் இரண்டு வகையும் மாவட்ட கிளார்க்கிடமே. மத்திய அரசின் சட்டப்படி தொடுத்த வழக்கு இவை எதிலும் தென்படாது. அதற்கு 1988-ல் தொடங்கிய பேசர் என்ற தனி ஏற்பாடு உண்டு. பக்கத்துக்குப் பத்து சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் மூன்று டாலர்.

பிறகு பெயர். பதிவேடு குடும்பப் பெயரில்தான் தொடங்கும். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு கட்டத்திலும், விசாவில் வேறு கட்டத்திலும் உட்கார்ந்திருக்கும். ஒற்றைப் பெயர்க்காரருக்கு விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் ‘எஃப்என்யூ’ என்ற மூன்றெழுத்தே பெயராகிவிடும். ஆகவே தமிழர் ஒருவரைத் தேடுகிறவர் பெயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு, இனிஷியலை விரித்தும் சுருக்கியும் பார்த்தால்தான் தேடியதாகும்.

கிளார்க் என்றவுடன் மூலையில் உட்கார்ந்து கோப்பு எழுதும் ஊழியரை நினைத்துவிடக் கூடாது. பல மாநிலங்களில் அவர் தேர்தலில் நின்று வென்று வருகிற அதிகாரி. ஏட்டைக் காப்பதற்கும் ஓட்டுக் கேட்கிறார்கள்! இந்தப் பதவியின் தடத்தைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் வர்ஜீனியாவில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 1634-ல் அந்தக் காலனியை எட்டு ஷயர்களாகப் பிரித்தார்கள்; அவைதான் கவுண்டிகள் ஆயின. செசபீக் விரிகுடாவுக்குக் கிழக்கே இருக்கும் நார்தாம்ப்டன் கவுண்டியின் நீதிமன்ற ஏடுகள் இந்தப் பிரிவினைக்கும் முந்தையவை. 1632-லிருந்து அறுபடாமல் வருகின்றன. அமெரிக்காவில் இவ்வளவு நீண்ட தொடர்ச்சி உள்ள கவுண்டி ஏடுகள் வேறு கிடையாது; ஈஸ்ட்வில் என்ற சிற்றூர் இன்றும் அவற்றைச் சொல்லிப் பெருமைப்படுகிறது.

அதை ஒட்டிய அக்கோமாக் கவுண்டியின் ஏட்டில் ஒரு வழக்கு இருக்கிறது. 1665 ஆகஸ்டில், பங்கோடீக் என்ற ஊரில் ஒரு மதுக்கடையில் மூன்று பேர் நாடகம் போட்டார்கள். கரடியையும் அதன் குட்டியையும் பெயராகக் கொண்ட நாடகம். எட்வர்ட் மார்ட்டின் என்பவருக்கு அது பிடிக்கவில்லை; புகார் கொடுத்தார். நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? மூவரும் அதே வேடத்தோடு வந்து, பேசிய வசனத்தையும் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவிட்டது. பார்த்த நீதிபதிகளுக்குத் தவறு எதுவும் தெரியவில்லை. நடிகர்கள் விடுதலை, செலவை மார்ட்டின் தலையில் கட்டினார்கள். நாடகப் பிரதி பிழைக்கவில்லை. அமெரிக்கக் காலனிகளில் ஆங்கிலத்தில் நடந்ததாகத் தெரியவரும் முதல் நாடகம் இதுதான் என்கிறார்கள். அந்தச் செய்தியைத் தாங்கி நிற்பது ஒரு புகார்தாரரின் எரிச்சலும், அதைப் பதிந்துவைத்த எழுத்தரின் பேனாவும்தான்.

வர்ஜீனியாக்காரர்கள் இந்த ஏற்பாட்டைச் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டிலேயே ஒவ்வொரு கவுண்டிக்கும் சமாதான நீதிபதிகள் இருந்தார்கள். ஆண்டுக்கு நான்கு முறை கூடி வழக்குக் கேட்பார்கள். கவுண்டி ஏடுகளைக் காப்பதற்கென்றே ‘கஸ்டோஸ் ரொட்டுலோரம்’ என்ற லத்தீன் பட்டத்தோடு ஒரு பிரமுகர். பட்டம் அவருக்கு, எழுத்து வேலையெல்லாம் அவருக்குக் கீழே இருந்த கிளார்க்குக்கு. குற்றம் நடந்த இடத்திலேயே விசாரணை, விசாரித்த இடத்திலேயே ஏடு. கப்பலேறி வந்தது இந்தப் பழக்கம்.

ஆக, ஏடு திறந்திருப்பதும் அங்கிருந்து வந்ததுதான் என்று நினைத்தேன். இல்லை. இங்கிலாந்தின் பழைய வழக்கப்படி, ஏட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அதில் உங்களுக்குச் சொந்த நலனோ, வழக்குக்குச் சான்றாக அது தேவைப்படும் நிலையோ இருக்க வேண்டும். ‘உனக்கென்ன வேலை இங்கே?’ என்ற அந்தக் கேள்வியை அமெரிக்க நீதிமன்றங்கள் காலப்போக்கில் கைவிட்டன. 1978-ல் வாட்டர்கேட் ஒலிநாடாக்கள் தொடர்பாக முன்னாள் அதிபர் நிக்சனுக்கும் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டி, நீதிமன்ற ஆவணத்தைப் பார்க்கவும் படியெடுக்கவும் பொதுவான உரிமை உண்டு என்றது. வேடிக்கை என்னவென்றால், கேட்ட ஒலிநாடாக்களை மட்டும் அந்த நிறுவனத்துக்குத் தரவில்லை. அலமாரி இங்கிலாந்தில் செய்தது, பூட்டைக் கழற்றியது அமெரிக்கா.

கழற்றியதும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அல்ல. விஸ்கான்சின் மாநிலம் 1999-லேயே வழக்கு விவரங்களை இணையத்தில் வைத்தது. 72 கவுண்டிகளையும் ஒரே இடத்தில், காசில்லாமல் தேடலாம். நியூயார்க்கில் மாநில நீதிமன்ற நிர்வாகமே பெயரைத் தேடித் தருகிறது. ஒரு பெயருக்குக் கட்டணம் 95 டாலர். கலிஃபோர்னியா நேரெதிர்: அங்கே குற்ற வழக்கின் ஆவணங்களைப் பொதுவாக வீட்டிலிருந்து பார்க்க விதி இடம் கொடுப்பதில்லை, நீதிமன்றக் கணினிக்கே போக வேண்டும். அதற்காகவே ‘கோர்ட் ரன்னர்’ என்றொரு பிழைப்பு இருக்கிறது. காலையில் பெயர்ப் பட்டியலோடு நீதிமன்றத்துக்குப் போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். 2021-ல் ரிவர்சைட் கவுண்டி தொடர்பான வழக்கில், பிறந்த தேதியையோ ஓட்டுநர் உரிம எண்ணையோ கொடுத்துத் தேட நீதிமன்றம் வசதி தரக் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியுரிமைக்கு நல்லது. ஆனால் ஊரில் பத்துப் பேருக்கு இருக்கும் பெயர் உங்களுக்கும் இருந்துவிட்டால், எவனோ செய்த குற்றம் உங்கள் கணக்கில் ஏறும் அபாயம் கூடும். இந்தக் குழப்பம் புதிதல்ல. பெயர்களைச் சரியாகப் பொருத்திப் பார்க்காத குறைகளுக்காக இரண்டு சரிபார்ப்பு நிறுவனங்கள் 1.3 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 2015-ல் மத்திய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு உத்தரவிட்டது.

தேடி எதுவும் கிடைக்கவில்லை என்றால் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தமா? 1871-ல் சிகாகோ எரிந்தபோது குக் கவுண்டியின் நீதிமன்றமும் ஏடுகளோடு எரிந்தது. 1884-ல் சின்சினாட்டியில் ஒரு கொலையாளிக்குக் கொலைக் குற்றத்துக்கான தண்டனை கிடைக்கவில்லை என்று கொதித்த கூட்டம் ஹாமில்டன் கவுண்டி நீதிமன்றத்தையே கொளுத்தியது. தீர்ப்பின் மேல் வந்த கோபத்தில் சம்பந்தமே இல்லாத தலைமுறைகளின் காகிதங்கள் சாம்பலாயின.

எரியாமலே காணாமல் போவதும் உண்டு. எம்மெட் டில் வழக்கு அதற்குச் சாட்சி. சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு வந்திருந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன். 1955 ஆகஸ்ட் 28 அதிகாலையில் கடத்திக் கொன்றார்கள். கடத்தியது லெஃப்லோர் கவுண்டியில். சித்திரவதை செய்த கொட்டகை சன்ஃபிளவர் கவுண்டியில். உடல் கிடைத்தது டாலஹாட்சி கவுண்டியில். ஒரே குற்றம், மூன்று கவுண்டி. உடல் கிடைத்த இடத்தை வைத்துக் கொலை வழக்கை டாலஹாட்சியில் விசாரித்தார்கள். அந்தக் கவுண்டிக்கும் சார்ல்ஸ்டன், சம்னர் என்று இரண்டு தலைநகர், இரண்டு நீதிமன்றம். விசாரணை நடந்தது சம்னரில். வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் ராய் பிரையன்ட், ஜே. டபிள்யூ. மிலம் இருவரையும் விடுவித்தது. நாடே கவனித்த அந்த விசாரணையின் எழுத்துப் பதிவு பின்னர் காணாமல் போனது. 2004-ல் எஃப்பிஐ வழக்கைத் திரும்பத் திறந்த பிறகுதான் அதன் நகல் ஒன்று அகப்பட்டது.

கடத்தல் வழக்கு லெஃப்லோருடையது. அந்தக் கவுண்டியின் கிராண்ட் ஜூரி 1955 நவம்பரில் குற்றம் சாட்ட மறுத்தது, காகிதம் பெட்டிக்குள் போயிற்று. 2022 ஜூனில், டில் குடும்பத்தார் அடங்கிய குழு கிரீன்வுட் நகரில் லெஃப்லோர் நீதிமன்றத்தின் அடித்தளத்தில் தேடியது. பெட்டிகளை அங்கே பத்தாண்டு வாரியாக அடுக்கியிருந்தார்கள், அவ்வளவுதான் வழிகாட்டி. ஒரு கோப்புக்குள் 1955 ஆகஸ்ட் 29 தேதியிட்ட கைது ஆணை கிடைத்தது. கடத்தலுக்காக அதில் மூன்று பெயர்கள்: மேற்சொன்ன இருவர், மூன்றாவதாக ‘மிஸஸ் ராய் பிரையன்ட்’. அவரைக் கைது செய்யவே இல்லை. இரண்டு சிறு குழந்தைகளின் தாயைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை என்று அன்றைய ஷெரிஃப் செய்தியாளர்களிடம் சொல்லியிருந்தார். ஆணை அசலானதுதான் என்று கவுண்டியின் சர்க்யூட் கிளார்க் சான்றளித்தார். 2022 ஆகஸ்டில் கிராண்ட் ஜூரி மறுபடியும் குற்றம் சாட்ட மறுத்தது. மறு ஆண்டு ஏப்ரலில் அந்தப் பெண்மணி இறந்தார்.

இப்போது எதிர்த்திசையில் ஒரு வேலை நடக்கிறது. பென்சில்வேனியா 2018-ல் இயற்றிய சட்டத்தின்படி, தண்டனையில் முடியாத வழக்குகளும், பழைய சிறு குற்றங்கள் பலவும் தாமாகவே பொதுப் பார்வையிலிருந்து மறைந்துவிடும். மற்ற பல மாநிலங்களும் அதே வழியில் போகின்றன. ஆனால் ஏடு மூடுவதற்கு முன்பே மொத்தமாகப் படியெடுத்துக்கொண்ட தனியார் நிறுவனங்களின் கிடங்கில் பழைய வரி அப்படியே கிடக்கலாம். அப்படித் தவறான அறிக்கை வந்தால், 1970-ன் கடன் அறிக்கைச் சட்டப்படி மறுப்புத் தெரிவிக்கலாம். நிறுவனம் பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துச் சரிசெய்ய வேண்டும். மறுப்போடு வைக்க வலுவான காகிதம், வழக்கு எண்ணும் முடிவும் முத்திரையும் உள்ள சான்றிட்ட நகல். அதற்கு வழக்கு நடந்த கவுண்டியின் கிளார்க்குக்கு, பழைய பெயர்கள் உட்பட முழுப் பெயரையும் உத்தேசமான ஆண்டையும் எழுதிக் கட்டணத்தோடு விண்ணப்பிக்க வேண்டும்.