வீடியோ பார்த்தால் கணக்கு வருமா?

போன செமஸ்டரில் காஸ்ட் அக்கவுண்டிங்கில் எனக்கு அரியர். (சிரிக்காதீர்கள்!) வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் கலப்புக் கற்றல் பற்றி என்னால் எழுத முடியாது.

பாடத்தில் ஒரு பகுதி இணையத்தில், மீதி வகுப்பறையில். இதுதான் கலப்புக் கற்றல். பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதம் வெளியிட்ட கருத்துரு, ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்றது. எங்களுக்கும் ப்ராசஸ் காஸ்டிங் பாடம் முதல் நாளே வீடியோவாக வந்துவிடும். மறுநாள் மேடம் அதையே போர்டில் நடத்துவார். நான் வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, 'எல்லாம் புரியுதே' என்று தலையாட்டிக்கொண்டிருப்பேன். கையில் பேனா இருக்காது.

தேர்வில் வந்த கணக்கு இதுதான். ஒரு ப்ராசஸுக்குள் 1,000 யூனிட் போகிறது, மொத்தச் செலவு 20,000 ரூபாய். நார்மல் லாஸ், அதாவது வழக்கமாக வீணாவது, 10 சதவீதம். அந்த 100 யூனிட்டும் ஸ்கிராப்பாக தலா 2 ரூபாய்க்கு விலை போகும். வெளியே வந்தது 880 யூனிட். ஒரு யூனிட்டின் அடக்கவிலை என்ன?

நான் 19,800-ஐ 880-ஆல் வகுத்து 22.50 என்று எழுதினேன். 900-ஆல் வகுத்திருக்க வேண்டும், விடை 22 ரூபாய். கூடுதலாக வீணான 20 யூனிட்டின் 440 ரூபாயை அப்நார்மல் லாஸ் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும். நான் அதை நல்ல யூனிட்களின் தலையில் கட்டிவிட்டேன். வீடியோ பார்த்தபோது இந்தத் தவறை நான் செய்யவே இல்லை. எப்படிச் செய்வேன்? அங்கே கணக்குப் போட்டது நான் இல்லையே!

இந்த செமஸ்டரில் மேனேஜ்மெண்ட் அக்கவுண்டிங் எடுக்கும் சார் வேறு மாதிரி. வகுப்பில் விளக்கம் பத்தே நிமிடம். மீதி நேரம் நாங்கள் கணக்குப் போட வேண்டும், அவர் பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பார். "இதை ஏன் இதால வகுத்தே?" என்று நின்று கேட்பார். அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007-ல் தங்கள் பள்ளியில் இதைத்தான் செய்தார்கள். பாட விளக்கம் வீட்டுக்குப் போனது, வீட்டுப்பாடம் வகுப்புக்கு வந்தது.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. என் பெஞ்ச் நண்பன் மாலையில் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்ப இரவு பத்தரை ஆகிவிடும். "வீடியோவை ஆன் பண்ணதும் தூங்கிடறேன்டா" என்பான். தமிழக அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் இவனிடம் டேட்டா இருக்கிறது, நேரம்தான் இல்லை. பார்க்காமல் வந்தால் எல்லார் முன்னாலும் முழிக்க வேண்டுமே என்று அந்த நாட்களில் வகுப்புக்கே வராமல் இருந்தான். அட்டெண்டன்ஸ் குறைந்துகொண்டே போனது.

தயங்கித் தயங்கி சாரிடம் சொன்னேன். மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் லேபைத் திறந்து வைக்க ஏற்பாடு செய்தார். இப்போது இருவரும் டிபன் பாக்ஸை அவசரமாக முடித்துவிட்டு அங்கே போய்விடுகிறோம். அவன் பார்ப்பான், நான் பாதியில் நிறுத்தி, "அடுத்த ஸ்டெப் நீ போடு" என்பேன். சொல்லிக்கொடுக்கும்போதுதான் எனக்கு எங்கே புரியவில்லை என்பதே புரிகிறது.

40:60 என்ற விகிதத்தை எல்லோரும் பேசுகிறார்கள். அந்த 60-ல் வகுப்பில் என்ன நடக்கிறது, அந்த 40-ஐப் பார்க்க யாருக்கு முடியவில்லை என்பதையும் கேட்க வேண்டும். இல்லையென்றால் நான் தேர்வில் செய்த தவறுதான் இங்கும் நடக்கும். வெளியே வந்தவர்களை மட்டும் வைத்து வகுத்துவிட்டு, நடுவில் போனவர்களைக் கணக்கிலேயே காட்டாமல் விட்டுவிடுவோம்.

அரியர் தேர்வு அடுத்த மாதம். இந்த முறை கையில் பேனாவோடு படிக்கிறேன். உங்கள் கல்லூரியில் எப்படி? சொல்லுங்களேன்.