பொன் தேடிய மலை

தேவாலா என்றால் தமிழ்நாட்டில் மழைக்குப் பேர்போன ஊர் என்றுதான் பலரும் அறிவர். ஆனால் 1880-ஆம் ஆண்டு வாக்கில் லண்டன் மாநகரத்துப் பணக்காரர்கள் அவ்வூரின் பெயரை உச்சரித்தது மழைக்காக அன்று; பொன்னுக்காக!

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகப் போய், தை மாதத்தில் ஒரு நாள் காலை நானும் நண்பர் ஒருவரும் தேவாலாவில் இறங்கினோம். மழைக்காலமாயின் அட்டைகளுக்கு இரத்ததானம் செய்ய நேரும். வழிகாட்டியாக வந்த பெரியவர் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. 1964-ஆம் வருஷத்து சாஸ்திரி - ஸ்ரீமாவோ ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து பெற்றோருடன் வந்தவர்.

தேயிலைச் சரிவைத் தாண்டிக் காட்டுக்குள் புகுந்ததும் பாதை ஒற்றையடியாகச் சுருங்கியது. அரை மணி ஏறியபின், பெரணிச் செடிகள் மறைத்த ஒரு குகை வாயில் தெரிந்தது. குகை அன்று, மனிதர் குடைந்த சுரங்கம். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்றும் வௌவால் நாற்றமும் வந்தன. "உள்ளே போகாதீங்க சார், அடியிலே கிணறு மாதிரி பள்ளம் இருக்கு" என்று பெரியவர் எங்களைத் தடுத்தார். கூழாங்கல் ஒன்றை எறிந்தேன். வெகு நேரம் கழித்தே நீரில் விழுந்த சத்தம் கேட்டது.

இம்மலையில் பொன் உண்டு என்பதைக் கண்டுபிடித்தவர் வெள்ளைக்காரர் அல்லர். குறும்பர்களும் பணியர்களும் நெடுங்காலமாகவே ஓடை மணலை மரத்தட்டில் அரித்துப் பொன் எடுத்து வந்தனர், பாறையையும் தோண்டியிருக்கின்றனர். 1874-இல் ஆல்பா என்ற கம்பெனி தேவாலாவில் வேலை தொடங்கிற்று. பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரஃப் ஸ்மித் என்னும் நிபுணர், நம்பிக்கையூட்டும் அறிக்கை ஒன்றை அரசாங்கத்துக்கு அளித்தார். உடனே சீமையில் கம்பெனிகள் காளான் போல் முளைத்தன. பந்தலூரில் கடைத்தெருவும் ஹோட்டலும் குதிரைப் பந்தய மைதானமும்கூடத் தோன்றின!

இதில் வேடிக்கை என்னவென்றால், நோயால் நசித்துக்கொண்டிருந்த காப்பித் தோட்டங்களைத் துரைமார் பொன் விளையும் பூமி என்று கூறிக் கொள்ளை விலைக்குக் கம்பெனிகளிடம் தள்ளிவிட்டனர். மூலதனத்தில் பெரும் பகுதி நிலம் வாங்குவதிலேயே கரைந்தது. மாதிரிக் கல்லில் கண்ட பொன், ஆலையில் கல்லை இடித்து அரைத்தபோது கிட்டவில்லை. சில வருஷங்களிலேயே ஒவ்வொன்றாக மூடினார்கள். அதே காலத்தில் தொடங்கிய கோலார்ச் சுரங்கமோ 2001 வரை நடந்தது.

பங்குக்காரரின் நஷ்டத்தைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. இந்த இருட்டில் கல் உடைத்த கூலிகளின் பெயர் எங்கே? பின்னாட்களில் திருட்டுத்தனமாகத் தோண்டி, மண் சரிந்து மாண்டவர்களும் உண்டு.

திரும்பும்போது பாதையில் யானைச் சாணம் புதிதாகக் கிடந்தது. பேச்சை நிறுத்தி, சுற்றுவழியாக ரஸ்தாவுக்கு இறங்கினோம். தம் லயத்து வீட்டைப் பெரியவர் சுட்டிக்காட்டினார். அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் ஒப்படைக்க 2022-இல் உத்தரவாயிற்று. அவர் மகன் திருப்பூரில் பனியன் தைக்கிறான்.

"கம்பெனிக்காரன் போனான், சுரங்கம் நின்னுச்சு. நாங்க போனா இந்த வீட்டிலே யாரு சார் இருப்பா?" என்று கேட்டுவிட்டு, தேநீர் போட உள்ளே போனார்.